பிரிச்சுப் பூட்டுற பௌலிங் பாதை: மெதுவா உருட்டுற ஆளுக்கும் நேராக இருக்க வேணும்



இந்த வார எபிசோட்டில நேரம் காணாமல் பாதியில விட்ட கணக்கை இந்த மடலில முடிச்சு வைக்கிறன். கேள்வி இதுதான். பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலுக்காக, ஒரு பாடசாலை ஜிம்முக்குள்ள முதல்நாள் இரவு பூட்டி, அடுத்த நாள் இரவு கழட்டிக்கொண்டு போகக்கூடிய பௌலிங் பாதை ஒன்றை எப்படி வடிவமைக்கிறது? கிரிக்கெட் பௌலிங் இல்லை, கட்டையை விழுத்துற பௌலிங்.

நான் தச்சன் இல்லை, கணினி விஞ்ஞானம் படிச்ச ஆள். ஆனால் கொன்ட்ராக்ட் வேலையில என்ர நாளில பாதி, வேற வேற ஆக்கள் எழுதின துண்டுகளை ஒன்றோட ஒன்று பொருத்துறதிலதான் போகுது. இதுவும் அதே வேலைதான். துண்டுகள் மட்டும் மரம். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிஞ்சால் கடைசி வரைக்கும் என்னோட வரலாம்.

1. அளவுகள்

பத்துக் கட்டை பௌலிங்கில, எறியிற கோட்டிலிருந்து முதல் கட்டைக்கு 60 அடி, அதாவது 18.29 மீற்றர். பாதையின் அகலம் 41.5 அங்குலம், சுமார் 1.05 மீற்றர். கடைசிக் கட்டைக்குப் பின்னால இருக்கிற விளிம்பு வரைக்கும் எடுத்தால் நீளம் 19.16 மீற்றர். ஓடி வந்து எறியிற இடத்துக்குக் குறைஞ்சது 15 அடி வேணும். பந்து கூடினது 7.26 கிலோ.

இன்னொரு எண்ணையும் குறிச்சு வையுங்கோ. அமெரிக்க பௌலிங் சம்மேளனமான யு.எஸ்.பி.சியின் விதிப்படி, பாதை குறுக்குவாட்டில மட்டத்திலிருந்து விலகக்கூடியது அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு மட்டும். அது சுமார் 1 மில்லிமீற்றர். இந்த மடல் முழுக்க அந்த ஒரு மில்லிமீற்றரோடதான் மல்லுக்கட்டப் போறம்.

கழட்டிப் பூட்டுற பாதை ஒன்றும் கற்பனை இல்லை. யு.எஸ்.பி.சியின் பெரிய திறந்த சுற்றுப்போட்டிக்கு 2012இலும் 2025இலும் லூசியானாவின் பற்றன் ரூஜ் நகரத்தில, மாநாட்டு மண்டபத்துக்குள்ளதான் பாதைகளைக் கட்டினவை. ஆனால் அவையிட்ட தொழில்முறைக் குழு இருக்குது, நாள்க்கணக்கில நேரமும் இருக்குது. எங்களிட்ட நாலு பேர், ஒரு வான், ஒரு இரவு.

2. முதல்ல பந்தை மாத்துவம்

இந்த இடத்தில ரொறன்ரோ எங்களுக்குக் கைகொடுக்குது. 1900களின் தொடக்கத்தில ரொறன்ரோவில தோமஸ் ரயன் எண்டவர் பத்துக் கட்டை பௌலிங் கழகம் ஒன்றை நடத்தினவர். பந்து பாரம், கை நோகுது எண்டு வாடிக்கையாளர்கள் முறைப்பட, 1909 அளவில அவர் ஐந்து கட்டை விளையாட்டைக் கொண்டு வந்தார். கட்டைகளைக் கடைசல் பிடிச்சுச் சிறிசாக்கி, கைக்குள்ள அடங்கிற, விரல் ஓட்டை இல்லாத பந்தைக் குடுத்தார். அந்தப் பந்து சுமார் 1.6 கிலோ, விட்டம் சுமார் 12 சென்ரிமீற்றர். பாதையின் நீளமும் அகலமும் மாறேல்லை. கனடாவில இண்டைக்கும் இது விளையாடப்படுது.

வடிவமைப்பில இது பெரிய பாடம். பாரத்தைத் தாங்கிறதுக்குப் பலத்தைக் கூட்ட முதல், அந்தப் பாரம் உண்மையில தேவையோ எண்டு கேக்க வேணும். செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில வாற 7.26 கிலோ பந்தின் இயக்க சக்தி சுமார் 178 ஜூல். அதே வேகத்தில 1.6 கிலோ பந்துக்கு 39 ஜூல். நாலரை மடங்கு குறைவு. பாதை, பின்பக்க மெத்தை, பந்து திரும்பி வாற குழாய் எல்லாம் உடனே இலேசாகுது. ஆறு வயசுப் பிள்ளையும் பந்தைத் தூக்கலாம்.

ஆனால் ஓசியில ஒண்டும் கிடைக்காது. சின்னப் பந்துக்கு ஒரு விலை இருக்குது. அது நாலாம் பகுதியில வரும்.

3. ஒரு துண்டு எவ்வளவு பெரிசு?

கடையில விக்கிற பிளைவூட் பலகை 4 அடிக்கு 8 அடி, அதாவது 1.22க்கு 2.44 மீற்றர். எங்கட பாதையின் அகலம் 1.05. ஒரு பலகையில அகலம் முழுசா அடங்குது, நீளவாட்டில மூட்டே தேவையில்லை. எட்டுத் துண்டு வைச்சால் 19.52 மீற்றர், பாதைக்குப் போதும். ஓடி வாற இடத்துக்கு இன்னும் ரெண்டு துண்டு. பின்பக்கக் குழியையும் சேர்த்தால் 26 மீற்றர் அளவில நிக்கும். 28 மீற்றர் நீளமான கூடைப்பந்துத் தளத்தில இது அடங்கும்.

தடிச்ச பலகையை அப்பிடியே போட்டால் பாரம், மெல்லிசைப் போட்டால் வளையும். இதுக்குப் பெட்டி முறை சரி. மேல 12 மில்லிமீற்றர் பலகை, கீழ 6 மில்லிமீற்றர் பலகை, நடுவில 8 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், எல்லாம் பசை போட்டு ஒட்டினது. வளையாமல் இருக்கிறதுக்கு மரம் நடுவில இருக்கத் தேவையில்லை, மேலயும் கீழயும் தூரமாக இருந்தால் போதும். என்ர கணக்கில ஒரு துண்டு பூட்டுகளோட சுமார் 42 கிலோ வருது. ரெண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 21. அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நல்ல நிலையில ஒரு ஆள் தூக்கிறதுக்கு வைச்சிருக்கிற உச்ச அளவு 23 கிலோ. மட்டுமட்டாக உள்ளுக்க நிக்கிறம்.

4. மூட்டு: ஏறுபடியா, இறங்குபடியா?

எட்டுத் துண்டுக்கு ஏழு மூட்டு. துண்டு செய்யிறது லேசு, மூட்டுத்தான் வேலை.

அடுத்த துண்டு 1 மில்லிமீற்றர் உயர்ந்து நிக்குது எண்டு வையுங்கோ. பந்து அந்த விளிம்பில முட்டும். பந்தின் மையத்திலிருந்து கீழ நேராக ஒரு கோடும் முட்டுற புள்ளிக்கு ஒரு கோடும் கீறிப் பாத்தால், பெரிய பந்துக்கு அந்தக் கோணம் சுமார் 8 பாகை, சின்னப் பந்துக்கு 10 பாகை. கோணம் கூடக் கூட, பந்து மேல எத்துப்படுறதும் கூடும். சின்னச் சில்லுச் சூட்கேஸ் நடைபாதை வெடிப்பில துள்ளுறதும், சைக்கிள் சில்லு தெரியாமலே தாண்டுறதும் இதாலதான். பந்தை இலேசாக்கினதுக்கு நாங்கள் குடுக்கிற விலை இதுதான்: மூட்டு இன்னும் துல்லியமாக இருக்க வேணும்.

ஆனால் அடுத்த துண்டு 1 மில்லிமீற்றர் தாழ்ந்து நிண்டால்? பந்து சும்மா இறங்கிப் போகும். முட்டுறதுக்கு விளிம்பே இல்லை. ஒரே அளவு பிழை, ஒரு பக்கம் ஆபத்து, மற்றப் பக்கம் ஒண்டுமில்லை. அதனால் "மூட்டு சமனாக இருக்க வேணும்" எண்டு எழுதாமல், "0க்கும் 0.3 மில்லிமீற்றருக்கும் இடையில இறங்கலாம், ஏறவே கூடாது" எண்டு எழுதுறன். பிழை வரத்தான் போகுது. அது எந்தப் பக்கம் விழ வேணும் எண்டதை முதலே தீர்மானிக்கிறது எங்கட வேலை.

பொருத்துற முறையில ரெண்டு வேலையைப் பிரிச்சு வையுங்கோ. இடத்தைப் பிடிக்கிறது ஒண்டு, இறுக்கிறது மற்றது. இடம் பிடிக்க ரெண்டு இரும்பு முளை. அதில ஒண்டு வட்டத் துளைக்குள்ள போகும், மற்றது பக்கவாட்டில நீண்ட துளைக்குள்ள. ரெண்டையும் வட்டமாக்கினால், மரம் ஈரப்பதத்தில ஊதின அண்டைக்கு முளை உள்ளுக்க போகாது. இறுக்கிறதுக்கு, மேடை அமைக்கிறவை பாவிக்கிற, சாவியால திருப்பிப் பூட்டுற கொக்கிப் பூட்டு. துளைகளுக்கு உலோக வளையம் போட மறக்கக்கூடாது. வெறும் மரத்துளை பத்துத் தரம் பூட்டிக் கழட்டத் தேய்ஞ்சு போயிடும்.

5. முன்னால உள்ளதைப் பாத்து அடுத்ததை வைக்காதேங்கோ

ஒரு மூட்டில, இடப்பக்கம் முட்டி வலப்பக்கம் 1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த துண்டு அந்தளவுக்குத் திரும்பீட்டுது. முதல் மூட்டில இப்பிடி நடந்தால், முதல் கட்டைக்குப் போய்ச் சேரேக்க பாதை 15 மில்லிமீற்றர் விலகியிருக்கும். ஏழு மூட்டும் ஒரே பக்கம் திரும்பினால் 5.7 சென்ரிமீற்றர்.

ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால உள்ளதை நம்பினால் பிழை கூடிக்கொண்டே போகும். அதனால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு துண்டின் நடுக்கோட்டையும் அந்த நூலோட சரிபாருங்கோ. எட்டுத் துண்டுக்கும் உண்மை எண்டது ஒரு இடத்தில மட்டும் இருக்க வேணும். மென்பொருள் எழுதுறவைக்கு இது பழகின கதைதான்.

6. சாய்வு: ஆருக்கு நட்டம்?

எனக்கு முக்கியமான பகுதி இது.

ஜிம் நிலம் கண்ணுக்குச் சமனாகத் தெரியும். அதில ஒரு மீற்றருக்குச் சில மில்லிமீற்றர் சாய்வு இருந்தால் ஆருக்கும் தெரியாது, பந்துக்குத் தெரியும். உருண்டு போற பந்து சாய்வால எவ்வளவு விலகும் எண்டதுக்குச் சூத்திரம் சின்னது:

விலகல் = 3.5 × சாய்வு × நேரம் × நேரம்

விலகல் மீற்றரில, நேரம் செக்கனில. சாய்வு எண்டது உயர வித்தியாசத்தை அகலத்தால பிரிச்சது. 1 மில்லிமீற்றரை 1.05 மீற்றரால பிரிச்சால் 0.00095.

நல்லா விளையாடுற ஒருத்தர் செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில எறிஞ்சால் பந்து 2.6 செக்கனில கட்டைக்குப் போகும். விலகல் 2 சென்ரிமீற்றரைச் சொட்டுத் தாண்டும். அவர் கவனிக்கக்கூட மாட்டார்.

ஆறு வயசுப் பிள்ளையோ அம்மம்மாவோ 3 மீற்றர் வேகத்தில உருட்டினால் 6.1 செக்கன் எடுக்கும். அதே பாதை, அதே 1 மில்லிமீற்றர், விலகல் 12 சென்ரிமீற்றர். சாய்வு 3 மில்லிமீற்றராக இருந்தால் வேகமான ஆளுக்கு 7 சென்ரிமீற்றர், மெதுவான ஆளுக்கு 37. நடுவில நேராக விட்ட பந்து நடுக்கட்டையைத் தொடவே தொடாது.

நேரம் ரெண்டு தரம் பெருக்குப்படுறதால, எங்கட கவலையீனத்தின் முழு விலையையும் ஆக மெதுவான ஆள்தான் கட்டுறார். பூட்டின நாலு இளசுகள் ரெண்டு பந்து எறிஞ்சு பாத்து "எல்லாம் ஓகே" எண்டு சொன்னால், அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. அவை வேகமாக எறியிற ஆக்கள். அடுத்த நாள் அம்மம்மாவின் பந்து மூண்டு தரமும் கானுக்குள்ள போகும். "எனக்கு இது சரிவராது" எண்டு சொல்லிப்போட்டு அவ கதிரைக்குப் போயிடுவா. பிழை பாதையில எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. புது லப்டொப்பிலயும் வேகமான இணையத்திலயும் மட்டும் சோதிச்ச செயலி, பழைய போன் வைச்சிருக்கிற ஆளின்ர கையில இழுபடுறதும் இதே மாதிரித்தான். அவையும் தங்களைத்தான் குறை சொல்லுவினம்.

சரி, திருத்துறது எப்பிடி? ஒவ்வொரு துண்டுக்கும் திருகிற கால்கள், அடியில ஜிம் நிலத்தைக் காப்பாத்த ரப்பர் பாதம். எம் 10 திருகு ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர் ஏறும், கால் சுற்றுக்கு 0.4க்குக் கிட்ட. இந்த வேலைக்கு மலிவான லேசர் காணாது, கனக்க மொடல்களில 10 மீற்றருக்கு 3 மில்லிமீற்றர் வரைக்கும் பிழை விட்டிருப்பினம். மேசன்மார் வைச்சிருக்கிற நல்ல நீர்மட்டம் மீற்றருக்கு 0.5 மில்லிமீற்றர் வரைக்கும் சொல்லும். அதைக் குறுக்கால வைச்சுப் பாருங்கோ, பிறகு இடவலம் மாத்தித் திருப்பி வைச்சும் பாருங்கோ. ரெண்டு தரமும் குமிழ் ஒரே மாதிரி நிண்டால் நீர்மட்டத்தை நம்பலாம். வித்தியாசப்பட்டால் ரெண்டுக்கும் நடுவில உள்ளதுதான் உண்மை.

நேரம் குறைவெண்டால் எறியிற பக்கத்துத் துண்டுகளில கூடக் கவனம் எடுங்கோ. தொடக்கத்தில கிடைச்ச பக்கவாட்டு வேகத்தோடதான் பந்து மிச்சத் தூரம் முழுக்கப் போகுது. முதல் துண்டின் சாய்வு, ஏழாவது துண்டில இருக்கிற அதே சாய்வைவிட 7 மடங்கு பந்தை விலத்தும்.

7. கட்டையை ஆர் நிமித்துறது?

இயந்திரம் வர முதல் பெடியள்தான் குழிக்குள்ள இருந்து கட்டைகளை நிமித்தினவை. ஏ.எம்.எஃப் நிறுவனம் 1946இல் பஃபலோ நகரத்தில தானியங்கி இயந்திரத்தைக் காட்டின பிறகுதான் அந்த வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. எங்கட பாதையிலயும் ஒருத்தரையும் குழிக்குள்ள இருத்தக்கூடாது.

கயிற்று முறை நல்லது. ஒவ்வொரு கட்டையின் தலையிலயும் ஒரு கயிறு. எல்லாக் கயிறும் மேல கப்பிக்குப் போய் ஒரு நெம்புகோலில முடியும். இழுத்தால் ஐந்தும் எழும்பும், விட்டால் தங்கட இடத்தில இறங்கும். மோட்டார் தேவையில்லை. கயிற்றுக் கட்டை பௌலிங்கை யு.எஸ்.பி.சியும் 2023இல் தனிப் பிரிவாக ஏற்றுக்கொண்டது.

ஒரு நிபந்தனை. கட்டைக்கு முன்னால ஒரு கதவு, அது கீழ இறங்கினால்தான் நெம்புகோலைத் தடுக்கிற முளை விலக வேணும். "கதவை மூடீட்டு இழுங்கோ" எண்டு அறிவித்தல் ஒட்டுறது பாதுகாப்பு இல்லை. மூடாமல் இழுக்கவே ஏலாது எண்டு செய்யிறதுதான் பாதுகாப்பு.

உங்களுக்கு ஒரு பயிற்சி

வீட்டில நீளமான மேசையோ கொரிடோரோ இருந்தால், ஒரு ரெனிஸ் பந்தை நேராக, ஆக மெதுவாக உருட்டி நேரத்தை எடுங்கோ. எவ்வளவு விலகினது எண்டு அளந்து, மேல உள்ள சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுச் சாய்வைக் கண்டுபிடியுங்கோ. ரெனிஸ் பந்து உள்ள வெறுமையானது, அதனால 3.5க்குப் பதிலாக 3 போடுங்கோ. ஏன் 3 எண்டு சொல்லுற ஆக்களின்ர விளக்கத்தை அடுத்த எபிசோட்டில வாசிப்பம்.

ஒன்றுகூடலுக்கு உண்மையாவே கட்டப் போறீங்கள் எண்டால், முதல் சோதனைப் பந்தை உங்கட அம்மம்மாவிட்டக் குடுங்கோ.