தே சிந்தாத தட்டு செய்வோம்

ஞாயிற்றுக்கிழமை காலை. குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி ஓர் ஒட்டுக்கடை. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மாணவன் பசியாறல் வாங்க வருகிறான். இரண்டு கிளாஸ் தே தாரிக், சில ரொட்டி சானாய், ஒரு கிண்ணம் பருப்புக்கறி. கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுக்கிறார். பத்து எட்டு நடப்பதற்குள் தட்டில் தே சிந்திவிடுகிறது. அடுத்து ரொட்டி நனைகிறது. சாலையில் ஒரு கல் தடுக்கினால் சூடான தே மணிக்கட்டில் கொட்டும்.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட முடியாது. 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீர் ஏறத்தாழ 5 வினாடியில் தோலில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். 70 பாகையில் ஒரு வினாடியே போதும். சிறுவர்களின் தோல் மெல்லியது. அவர்களுக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். கைத்தடி ஊன்றி நடக்கும் தாத்தாவுக்கோ ஒரு கைதான் மிச்சம். அவரால் தட்டைத் தூக்கவே முடியாது.

ஆகவே, மாணவர்களே, நமக்கு முன் உள்ள வடிவமைப்புச் சிக்கல் இதுதான்: உணவையும் பானத்தையும் ஒன்றாக, ஒரே கையில், சிந்தாமல் எடுத்துச் செல்லும் தட்டை எப்படிச் செய்வது?

தே ஏன் தளும்புகிறது?

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது மேலும் மேலும் உயரப் போகும். கிளாஸில் உள்ள தேநீரும் அப்படித்தான். அதற்கென்று ஓர் இயல்பான ஆட்ட வேகம் உண்டு. 7 செ.மீ. விட்டமுள்ள கிளாஸில் நீர்மம் வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை முறை இப்படியும் அப்படியும் ஆடும். நாம் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு எட்டு வைக்கிறோம். ஒவ்வோர் எட்டிலும் கை குலுங்குவதில் சிறிய, வேகமான குலுக்கல்களும் கலந்திருக்கின்றன. அவை தேநீரின் ஆட்டத்தோடு ஒத்துப்போகும்போது அலை உயர்ந்து விளிம்பைத் தாண்டுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் மேயர், ருஸ்லான் கிரெச்செட்னிகோவ் ஆகிய இருவரும் காப்பிக் கோப்பையோடு நடப்பவர்களை ஆராய்ந்து 2012இல் இதை விளக்கினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அவ்வாண்டு அவர்களுக்குக் கிடைத்தது. மெதுவாகப் புறப்படுவதும் கோப்பையைக் கவனித்தபடி நடப்பதும் சிந்துவதைக் குறைக்கும் என்று அந்த ஆய்வு காட்டியது.

‘நிறைகுடம் தளும்பாது’ என்பது பழமொழி. ஆனால் வாய் அகன்ற கிளாஸுக்கு அது பொருந்தாது. விளிம்பு வரை நிரப்பினால் சிறிய அலைகூட வெளியே வந்துவிடும்.

இறுக்கிப் பிடிப்பதா, தொங்கவிடுவதா?

தட்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் கையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகக் கிளாஸுக்குப் போகிறது. சட்டென்று முன்னே நகர்ந்தால் தட்டு கிடையாகவே இருக்கும். தேநீர் மட்டும் பின்பக்கம் ஏறும்.

தட்டை மேலிருந்து தொங்கவிட்டால் நடப்பது வேறு. கை முன்னே நகரும்போது தட்டு சற்றுச் சாய்கிறது. கிளாஸும் அதே அளவு சாய்கிறது. தேநீரின் மேற்பரப்பு கிளாஸின் விளிம்புக்கு ஏறத்தாழ இணையாகவே இருப்பதால் பக்கவாட்டில் அலை எழுவது குறைகிறது. நீர் உள்ள வாளியைத் தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்றினாலும் நீர் கொட்டாமல் இருக்கிறதே, அதற்கும் இதே அடிப்படைதான்.

துருக்கியில் தேநீர் விற்பவர்கள் மூன்று கம்பிகளில் தொங்கும் வட்டத் தட்டைத்தான் ஒரு கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் விரைகிறார்கள். நம் ஊரில் தப்பாவ் வாங்கிய தே பையை மோட்டார் சைக்கிள் கொக்கியில் மாட்டுகிறோமே, அதுவும் ஒரு தொங்கும் ஏற்பாடுதான். மெல்லிய பை வெந்நீருக்குப் பாதுகாப்பில்லை என்பதுதான் அதன் குறை.

காண்டாக் கம்பு சொல்லும் பாடம்

பேராக் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுப் பாலைச் சுமந்தார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கம்பின் ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் கம்பினால் வந்தது. உணவையும் நீர்மத்தையும் ஒன்றாகச் சுமக்கும் சிக்கலுக்கு அவர்கள் அன்றே விடை கண்டுவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லாவிட்டால் என்ன செய்வது? தோள் படும் இடத்தைக் கனமான பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். 1.5 மீட்டர் கம்பில் ஒரு பக்கம் 12 கிலோ, மறு பக்கம் 8 கிலோ என்றால், கனமான வாளியிலிருந்து 0.6 மீட்டரில் தோள் இருக்க வேண்டும். 12 × 0.6 = 7.2. மறு பக்கம் 8 × 0.9 = 7.2. இரண்டும் சமம். இது நெம்புகோல் விதி. நம் தட்டுக்கும் இதே கணக்குதான்.

தட்டு செய்யும் முறை

1. 35 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலமுள்ள மெல்லிய ஒட்டுப்பலகை இரண்டு எடுங்கள். ஒன்று அடித்தட்டு. மற்றதில் கிளாஸுக்கு இரண்டு வட்டத் துளைகளும் கிண்ணத்துக்கு ஒரு துளையும் வெட்டி, அடித்தட்டுக்கு 5 செ.மீ. மேலே பொருத்துங்கள். கிளாஸின் அடிப்பாகம் அடித்தட்டில் நிற்கும். துளை அதைச் சாயவிடாது. பலகை வெட்டும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

2. எடையைக் கணக்கிடுங்கள். தே நிறைந்த இரண்டு கிளாஸ் 900 கிராம், உணவு 600 கிராம், இரண்டுக்கும் இடையே 20 செ.மீ. என்று கொள்வோம். கைப்பிடி கிளாஸ் பக்கத்திலிருந்து 8 செ.மீ., உணவுப் பக்கத்திலிருந்து 12 செ.மீ. தூரத்துக்கு நேர் மேலே வர வேண்டும். 900 × 8 = 600 × 12.

3. நான்கு மூலைகளிலும் உறுதியான கயிறு கட்டி, அவற்றை மேலே ஒரே கைப்பிடியில் சேர்த்துக் கட்டுங்கள்.

கயிற்றின் நீளமும் முக்கியம். கைப்பிடியிலிருந்து சுமையின் நடுப்பகுதி வரை 25 செ.மீ. இருந்தால், தட்டு ஒரு முறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 1 வினாடி ஆகும். நாம் இரண்டு எட்டு வைக்கவும் அதே 1 வினாடிதான். இரண்டும் ஒத்துப்போனால் தட்டு அளவுக்கு மீறி ஆடி முழங்காலில் இடிக்கும். 40 செ.மீ. ஆக்கினால் 1.27 வினாடி ஆகும், ஒத்துப்போவது குறையும்.

சோதித்துப் பாருங்கள்

சோதனைக்குக் குளிர்ந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். விளிம்புக்கு 1 செ.மீ. கீழே வரை நிரப்பி, சாதாரணத் தட்டில் 20 மீட்டர் நடங்கள். மிஞ்சிய நீரை அளவுக் குவளையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தொங்கும் தட்டில் அதையே செய்யுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கயிற்றின் நீளத்தை மாற்றியும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

தொங்கும் தட்டு மேலும் கீழுமான குலுக்கலைத் தடுக்காது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளிம்பில் 2 செ.மீ. இடம் விடுவது. மற்றொன்று தே தாரிக்கிலேயே இருக்கிறது. நீர்மத்தின் மேல் சில அடுக்கு நுரை இருந்தாலே அலை விரைவில் அடங்குகிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுரைக் குமிழிகள் கிளாஸின் சுவரில் உராய்ந்து அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன. ஆற்றிய தே, ஆற்றாத தேயைவிடக் குறைவாகச் சிந்துவது இதனால்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சூடான தே கையில் பட்டுவிட்டால், உடனே குழாயைத் திறந்து ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையோ எண்ணெயோ தடவ வேண்டாம்.

தட்டு தயாரானதும் தோட்டத்தில் வேலை செய்த தாத்தாவிடமோ பாட்டியிடமோ காட்டுங்கள். வாளிப் பால் சிந்தாமல் மேட்டிலும் பள்ளத்திலும் எப்படி நடந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் உங்கள் சோதனைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.