குட்டிக்கு இது முதல் கிறிஸ்துமஸ்

கேள்வி: தெருவில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை என் மகன் தூக்கி வந்தான். இப்போது அதற்கு இரண்டரை மாதம் இருக்கும். ஒரு தடுப்பூசி போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். குட்டிக்குச் சிவப்புத் தொப்பி, கேக், குடில் பக்கத்தில் போட்டோ என்று போனிலேயே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிகாலை ஆராதனைக்கு நாங்கள் கோயிலுக்குப் போய்விடுவோம். குட்டியைத் தனியே விடலாமா? அதற்கும் பண்டிகையாக இருக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, அநாதையாகக் கிடந்த குட்டிக்கு வீடு கொடுத்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் பரிசு அதற்கு வேண்டியதில்லை. பண்டிகை நாளிலும் வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, வழக்கமான நேரத்துக்குத் தூக்கம், பயந்தால் ஒதுங்க ஒரு மூலை. இவை கிடைத்தால் குட்டி சந்தோஷமாக இருக்கும்.

முதலில் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளம் கேக்கில் ஒரு விள்ளல்கூட வேண்டாம். அதில் இருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சில நாய்கள் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் திரியும். சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும், உயிர் போய்விடும். உங்கள் குட்டி எந்த ரகம் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நம் புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு. அதனால் புளிக்குழம்பு பிசைந்த சோற்றையும் வைக்காதீர்கள்.

கேக்கில் ரம்மில் ஊறிய பழங்கள் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சாக்லேட் கேக்கும் ஆகாது. அதிலுள்ள தியோபுரோமின் நம் உடம்பிலிருந்து நாயைவிட வேகமாக வெளியேறிவிடும். நாயின் உடம்பில் பாதியளவு குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் பிடிக்கும். வாந்தி, படபடப்பு, நடுக்கம், வலிப்பு என்று போகும். கறுப்புச் சாக்லேட்டும் கோகோ பவுடரும் மிக மோசம். சர்க்கரை நோயாளிகளுக்கென்று வாங்கி வைக்கும் சுகர்ஃப்ரீ மிட்டாயையும் சூயிங்கத்தையும் பூட்டி வையுங்கள். சைலிட்டால் கலந்ததாக இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குட்டியின் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் நெய்யும் இருக்கின்றன. அதிலுள்ள எலும்பு வெந்தது. வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

அப்படியானால் பிள்ளைகள் என்னதான் கொடுப்பது? உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, அவித்த முட்டை, வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தாளிக்காத தயிர்சோறு. நாலு சின்ன உருண்டை பிடித்துக் கொடுத்தால் போதும். அதன் சந்தோஷத்தைப் பிள்ளைகளே பார்ப்பார்கள்.

தெரியாமல் கேக்கைத் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் வாந்தி எடுக்க வைத்துவிடலாம். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டுவது குட்டிக்கே நஞ்சாகிவிடும், அதைச் செய்யவே கூடாது. உங்கள் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 24, 25 தேதிகளில் அங்கே எத்தனை மணி வரை டாக்டர் இருப்பார் என்று இப்போதே கேட்டு, நம்பரைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

குடிலைக் குட்டிக்கு எட்டாத மேஜைமேல் வையுங்கள். பனிக்காக ஒட்டும் பஞ்சும், ஜிகினாச் சரமும் குடலில் சிக்கினால் ஆபரேஷன் வரை போகும். சீரியல் லைட்டின் வயரைச் சுவரோடு உயர்த்திக் கட்டுங்கள். பல் முளைக்கும் குட்டி அதைத்தான் முதலில் கடிக்கும். சிவப்புத் தொப்பி போட்டோவுக்கு மட்டும் போதும். எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை சத்தம்தான். குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம் வரை, எது பயப்பட வேண்டியது, எது சாதாரணம் என்று மனத்தில் பதியும் காலம். உங்கள் குட்டி இப்போது அதன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் கேரல் குழு டிரம் அடித்துக்கொண்டு, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவோடு வாசலில் வந்து நின்றால், அந்தப் பயம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளக்கூடும். இன்றிலிருந்தே, சாப்பாடு வைக்கும்போதெல்லாம் செல்போனில் கேரல் பாட்டையும் வெடிச்சத்தத்தையும் மிகமிக மெதுவாகப் போடுங்கள். குட்டி கவனிக்காமல் சாப்பிட்டால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். காதை மடித்து நின்றால் குறைத்துவிடுங்கள். கேரல் வரும் இரவில் குட்டியை உள்ளறையில் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, ஒருவர் கூடவே உட்காருங்கள். பயந்த குட்டியை அணைத்தால் செல்லத்தில் கெட்டுவிடும் என்பார்கள். அது தவறு, தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

ஆராதனைக்குப் போவது பற்றிக் கேட்டீர்கள். இந்த வயதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கக் குட்டியால் முடியாது. ஊரெல்லாம் வெடி போடும் இரவில் தனியாக விடுவதும் சரியல்ல. இந்த ஒரு வருடம் மட்டும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த ஆராதனைக்குப் போகலாம்.

பேரப்பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். தூங்கும்போது தூக்கக் கூடாது. அடுத்தது, விளையாட்டில் பல் பட்டு லேசாகக் கீறினாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெருவிலிருந்து வந்த குட்டி, ரேபிஸ் ஊசி இன்னும் போடவில்லை. கீறலைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம்.

பார்வோ நோய்க்கான இரண்டாவது தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல், விருந்தாளிகள் வருவதற்குள் போட்டுவிடுங்கள். அந்தக் கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டும் வரும். எல்லோருடைய செருப்பும் வாசலோடு நிற்கட்டும். மூன்று மாதம் முடிகிற அன்றே ரேபிஸ் ஊசி. அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.