உடற்கொழுப்பும் இருதயமும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒருவர் மாரடைப்பால் மாண்டார் எனக் கேட்குங்கால், "அவருக்கா! ஒல்லியான ஆளாயிற்றே!" என்று வியப்பது வழக்கம். கொழுத்த செல்வர்க்கே நெஞ்சுநோய் உரியது என்னும் பழைய எண்ணம் இவ்வியப்பினுள் ஒளிந்து கிடக்கின்றது. கேழ்வரகுக் களியும் கொள்ளும் உண்டு, மானாவாரி நிலத்தில் உழைத்து வாழ்ந்த தகடூர் நாட்டார் அவ்வாறு எண்ணியது இயல்பே. ஆயின் இக்காலத்து உடலியலறிஞர் கூறுவனவற்றை நோக்கின், கொழுப்பு உடலில் எவ்விடத்தே தங்குகின்றது என்பதும், இன்சுலினின் ஏவலை உயிரணுக்கள் கேட்கின்றனவா என்பதும் உடலின் நிறையினும் பெரிய செய்திகள் என்பது புலப்படும். தமிழ் பயிலும் நுமக்கு மருத்துவத்தில் என்ன வேலை என வினவுவார்க்கு, இஃது எம் மாவட்டத்தாருடைய உயிரைப் பற்றிய செய்தி என்பதே யாம் கூறும் விடை.

இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையத்தினின்று இன்சுலின் சுரக்கின்றது. 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அது முதன்முதல் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. இன்சுலின் குறைதலே நீரிழிவு என்று அன்று பலரும் கருதினர். 1936-இல் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் என்பார், சிலர் உடலில் இன்சுலினைச் செலுத்தினும் அது தக்கவாறு வேலை செய்யாமையைக் கண்டு, நீரிழிவை இருவகையாகப் பகுத்தார். 1988-இல் அமெரிக்க அறிஞர் ரீவன், இச்செவிசாயாமையே நீரிழிவு, மிகுந்த இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் கேடு ஆகியவற்றை ஒருங்கே பிணிக்கும் கயிறு என எடுத்துரைத்தார். இதனையே இன்று இன்சுலின் எதிர்ப்பு என்கின்றனர்.

இவ்வெதிர்ப்பு எவ்வாறு தோன்றுகின்றது? வீட்டில் ஒரு குதிர் உளது எனக் கொள்வோம். குதிர் நிறையும் வரை தானியம் ஒழுங்காக உள்ளே செல்லும். நிறைந்தபின்னும் கொட்டினால் அடுக்களையிலும் திண்ணையிலும் சிதறி நடமாட்டத்தையே தடுக்கும். தோலுக்கடியிலுள்ள கொழுப்பணுக்கள் நம் உடலின் குதிர்கள். அவை கொள்ளாத கொழுப்பு கல்லீரலிலும், தசையிலும், குடலைச் சூழ்ந்த இடங்களிலும், இருதயத்தின் மேலும் படிகின்றது. தசையினுள்ளும் கல்லீரலினுள்ளும் மிகுந்த கொழுப்பின் சிதைபொருள்கள் இன்சுலினின் ஏவல் உயிரணுவினுள் செல்லும் வழியை மறிக்கின்றன. அன்றியும், வீங்கிய கொழுப்புத் திசுவினுள் வெள்ளணுக்கள் குடியேறி அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. கணையம் வாளாவிராது, ஏவல் கேளாதவனிடம் உரத்துக் கூவுவார் போல இன்னும் மிகுதியாக இன்சுலினைச் சுரக்கும். ஆதலின் இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் சரியாகவே தோன்ற, இன்சுலினோ அளவிறந்து நிற்கும். இவ்விடைக்காலத்திலேதான் இருதயத்திற்கும் இரத்தக்குழாய்க்கும் கேடு தொடங்குகின்றது.

இரத்தக்குழாய்களின் உட்புறம் முழுதும் ஒற்றை அடுக்காகப் படர்ந்த உயிரணுக்கள் உள. 1980-ஆம் ஆண்டு வரை அவற்றை வெறும் பூச்சென்றே பலர் எண்ணினர். அவ்வாண்டில் ஃபர்ச்காட் என்பார், அவ்வுள்வரி அணுக்களை நீக்கிய குழாய், விரியச் செய்யும் மருந்தினை இட்டும் விரியாமையைக் கண்டு காட்டினார். அவ்வணுக்கள் விடுக்கும் விரிப்புப் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவே எனப் பின்னர்த் தெரிந்தது. அதன் பொருட்டு அவருக்கும் இக்னாரோ, முராத் என்பவர்களுக்கும் 1998-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இனி எம்மைப் பெரிதும் வியக்கச் செய்த செய்தியைக் கூறுவோம். இன்சுலின் உள்வரி அணுவிற்கு இரண்டு ஏவல்களை இடுகின்றது. ஒன்று நைட்ரிக் ஆக்ஸைடை ஆக்குக என்பது. அதனால் குழாய் விரிந்து இரத்தம் எளிதில் ஓடும். மற்றொன்று எண்டோதீலின் என்னும் பொருளை ஆக்குக என்பது. அது குழாயைச் சுருக்கும். நலமுற்ற உடலில் இரண்டும் ஒத்து நிற்கும். இன்சுலின் எதிர்ப்பு நேர்ந்த உடலில் முதல் ஏவலின் வழி மட்டுமே அடைபடுகின்றது. இரண்டாம் வழி திறந்தே கிடக்கின்றது. கணையம் மேன்மேலும் சுரக்கும் இன்சுலின் அனைத்தும் அத்திறந்த வழியே சென்று குழாயைச் சுருக்கவும், அதன் சுவர்த் தசையணுக்களைப் பெருகச் செய்யவும் துணையாகின்றது. உயிரணு முற்றும் செவிடாயிருப்பின் இத்துணைத் தீங்கு விளையாது போலும்! பாதி கேட்டுப் பாதி கேளாமையே கொடிது.

நைட்ரிக் ஆக்ஸைடு குறைந்த உள்வரி வழுவழுப்பை இழந்து, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்ள இடந்தருகின்றது. தீய கொழுப்பு சுவரினுள் நுழைந்து கெடும். அதனை விழுங்கிய வெள்ளணுக்கள் நுரைபோல் வீங்கித் திட்டுக்களாகின்றன. ஒருநாள் அத்திட்டு வெடிப்பின் அவ்விடத்தே இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். மாரடைப்பு என்னும் சொல் எத்துணைப் பொருத்தமுடையது!

குழாய் அடைபடாத போதும் இருதயத் தசையணு தனியே நலிகின்றது. இருதயம் தன் வேலைக்குரிய ஆற்றலிற் பெரும்பகுதியைக் கொழுப்பமிலங்களிலிருந்து பெறுகின்றது. வேண்டுங்கால் சர்க்கரையையும் எரிக்கும். இன்சுலினுக்குச் செவிசாயாத இருதயமோ சர்க்கரையை விடுத்துக் கொழுப்பையே மேன்மேலும் எரிக்க முற்படுகின்றது. அவ்வாறு எரிக்குங்கால் அதே வேலைக்கு மிகுதியான பிராணவாயு செலவாகும். எரிக்கவியலாத கொழுப்பு துளிகளாகத் தசையணுவினுள் தங்கி, அதன் ஆற்றற்கூடங்களாகிய மைட்டோகாண்டிரியாக்களைக் கெடுக்கும். சுண்ணச்சத்தின் போக்குவரவு தளரும். நார்கள் படர்ந்து தசை விறைக்கும். சுருங்குதலில் குறை தோன்றுமுன்னே விரிதலில் குறை தோன்றுகின்றது. மலைச்சரிவில் ஏறுவோர் "மூச்சு வாங்குகிறது, வயதாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்வதில் சில வேளைகளில் இதுவும் கலந்திருத்தல் கூடும்.

ஒல்லியான ஆளுக்கு இவை எவ்வாறு வந்தன என்பது எஞ்சிய வினா. பூனா நகர மருத்துவர் யாஜ்னிக் என்பாரும் ஆங்கிலேயரான யுட்கின் என்பாரும் 2004-இல் லான்ஸெட் இதழில் தங்கள் உடலையே சான்றாகக் காட்டினர். நிறையைக் கிலோவிற்கொண்டு உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் இருவர்க்கும் 22.3 ஆகவே இருந்தது. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இந்தியர்க்குத் தோலடிக் குதிர் சிறிது. அது விரைவில் நிறைந்து வயிற்றினுள் வழிகின்றது என்பது அறிஞர் பலர் கருத்து. இதுபற்றியே நம்மவர்க்கு இடையளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாக வகுத்தனர். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உருவத்தைச் செல்வச் சின்னமாகக் கருதும் மனப்பான்மை நம்மை விட்டு அகலவேண்டும்.

எம் நாட்டு உணவின் செய்தி இதனோடு இயைந்தது. கேழ்வரகும் சாமையும் விளைந்த இம்மண்ணில் தீட்டிய வெள்ளரிசி நாளுணவாகிவிட்டது. தீட்டிய தானியத்தை, அதிலும் அரிசியை, மிகுதியாக உண்போரிடம் இன்சுலின் எதிர்ப்பு மிகுந்து காணப்படுவதைச் சென்னை நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று 2009-இல் வெளியிட்டது. 2023 மே மாதத்தில் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும், பங்கீட்டுக் கடைகளில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கிற்று. கேழ்வரகு நாட்டார்க்குக் கேழ்வரகு கடை வழியே திரும்பி வந்தது! இது நன்றே, எனினும் மாவாக நுண்ணிதின் அரைத்துக் கூழாக்கிப் பருகின் சர்க்கரை விரைந்தேறும் என்பதனையும் மறத்தலாகாது. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியைச் சுட்டி, நெல்லியொன்றே இந்நோயைப் போக்கும் என்பாருடன் யாம் உடன்படோம்; புறநானூற்றுக் கனி ஈகைக்குச் சான்றேயன்றி மருத்துவத்திற்கன்று.

2004 வரை தருமபுரியோடு ஒன்றாயிருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்டு 5-இல், 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உடையோரை இல்லந்தோறும் நாடி மருந்தளிப்பது இதன் பணி. ஆயினும் மேற்கூறிய இடைக்காலத்தில் சர்க்கரைச் சோதனை குறை எதனையும் காட்டாமற் போதல் கூடும். தையற்காரர் கைந்நாடா கொண்டு இடையை அளத்தல் அதனினும் முன்னரே குறிப்புணர்த்தும். அதற்குச் செலவும் இல்லை.

இத்தீங்கு தொடக்கத்தில் மீளக்கூடியது. நிறை சிறிது குறையினும் கல்லீரற் கொழுப்பு முதலிற் கரைகின்றது. உள்வரி அணுக்கள் சில வாரங்களிலேயே திருந்தக் காண்கின்றனர். தசையின் செய்தி இன்னும் நயமுடையது. இன்சுலின் ஏவினால் மட்டுமே தசையணு சர்க்கரைக்குக் கதவு திறக்கும் என்பதன்று. தசை சுருங்கி விரியுங்கால், இன்சுலினை எதிர்பாராமலே, வேறொரு வழியாக அக்கதவு திறக்கின்றது. செவிசாயாத உடலிலும் இவ்வழி அடைபடுவதில்லை. உண்டபின் சிறிது தொலைவு நடப்போர் தசையில் நிகழ்வது இதுவே.