மண்ணெண்ணெய் எஞ்சின் காலையில் மக்கர் செய்வது ஏன்?

கேள்வி: ஃபைபர் படகின் மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சின் ஒரு நாள் உடனே ஸ்டார்ட் ஆகிறது, மறுநாள் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் ஆவதில்லை. காரணம் என்ன?

பதில்: இவ்வகை எஞ்சின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாறும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. முந்தைய நாள் மண்ணெண்ணெயில் ஓடியபடியே நிறுத்தினால், கார்புரேட்டரில் அதுவே தங்கிவிடும். மறுநாள் எஞ்சின் முரண்டு பிடிக்கும். கரை சேரும் முன் சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்துவதே தீர்வு.

அதன் பிறகும் சிக்கல் நீடித்தால், எளியதிலிருந்து சோதிக்க வேண்டும். முதலில், நிறுத்து சுவிட்சின் கிளிப் இடத்தில் இருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத்துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிபொருள் குழாயின் கைப்பம்பு அழுத்த அழுத்த இறுக வேண்டும். இறுகாவிட்டால் குழாயில் காற்று நுழைகிறது அல்லது பம்பின் வால்வு பழுது.

அடுத்தது ஸ்பார்க் பிளக். பலமுறை இழுத்த பிறகும் அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது அல்லது தீப்பொறி பலவீனம். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, கரி படிந்திருந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டியில் தேங்கிய தண்ணீரும், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒயர் இணைப்புகளும் விட்டுவிட்டு வரும் கோளாறுக்குக் காரணங்கள்.

கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் புதிய பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கட்டாயம் இருக்க வேண்டும்.