வாலிபமும் தூய்மையும்

பாலொழுக்கத்தைப் பற்றிய அறிவுரை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திருவள்ளுவர் பிறனில் விழையாமைக்கும் வரைவின் மகளிர்க்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, ஆடவரை நோக்கியே அறம் கூறினார். கோவலன் பொருளனைத்தும் தொலைத்து, கண்ணகியின் காற்சிலம்பே முதலாக நம் மதுரைக்கு வந்து மடிந்த வரலாற்றையும் நாம் அறிவோம். ஆயினும், கற்பு மகளிர்க்கே உரியதென எண்ணும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. பாரதியார் அதனை இருபாலார்க்கும் பொதுவில் வைத்தார். கிறிஸ்துநாதரும் மலைப்பிரசங்கத்தில், இச்சையோடு நோக்குதலே பாவமென்று ஆடவரை எச்சரித்தார். ஆகவே திருமணத்திற்கு முன் தன்னடக்கம் என்பது மாணவர்க்கும் மாணவியர்க்கும் ஒரே கடமை என்க.

இவ்வடக்கத்திற்குத் திருமறை கூறும் காரணம் யாது? உடல் இழிந்தது என்பதன்று. துறைமுக நகராகிய கொரிந்துவின் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தில், உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் அப்போஸ்தலர் உணர்த்துகின்றார். மதுரையில் வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. கோயிலைச் சூழ மதில் எழுப்புவது உள்ளிருப்பது இழிவென்றா? அரியது என்பதாலன்றோ! உடலின்பத்தைப் படைத்தவர் கடவுள். அதனை வாழ்நாள் முழுதும் நிலைக்கும் உடன்படிக்கைக்குள் வைத்தவரும் அவரே. காத்திருத்தல் அவ்வுடன்படிக்கைக்கு ஆயத்தமாதலாகும்.

எனினும் தூய்மை வேறு, அறியாமை வேறு. பெரியோர் நாணத்தால் வாய்மூடியிருக்க, இளைஞர் தோழரின் கிசுகிசுப்பிலிருந்தும் கைப்பேசித் திரையிலிருந்தும் பிழைபடக் கற்கின்றனர். கூசாது வினவுதலின் பயனை நம் நாட்டு வரலாறே காட்டும். எய்ட்ஸ் மேனாட்டார் நோயென்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலிலிருந்த மகளிரின் குருதியைச் சோதிக்க முற்பட்டனர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்த சோதனையில், அவருள் சிலர்க்கு அக்கிருமி தொற்றியிருப்பது புலனாயிற்று. ஓர் ஆசிரியரும் மாணவியும் துணிந்து வினவியதால் நாடு விழித்தது.

அக்கிருமி உடலுறவாலும், தொற்றுற்ற குருதியாலும் ஊசியாலும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவும், உடனுண்பதால் பரவாது. பல்லாண்டு அறிகுறியின்றி மறைந்திருக்குமாதலின், முகத்தைக் கண்டு அறிதல் இயலாது. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் குருதிச் சோதனை இலவசமாகவும் மறைவாகவும் செய்யப்படுகின்றது. கூட்டுமருந்தைத் தவறாது உண்போர் நெடுங்காலம் நலமாய் வாழ்கின்றனர். அவர்களை ஒதுக்குதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. உடலுறவால் வரும் தொற்றிற்கு விலகியிருத்தலே உறுதியான காப்பு. ஆணுறை அபாயத்தைப் பெரிதும் குறைக்கும் என்பதும் மெய்யே. நம் அடக்கம் அச்சத்தின்மேல் நில்லாது அன்பின்மேல் நிற்குமாயின், இவ்வுண்மைகளை மறைக்கவேண்டுவதில்லை.

இன்னுமொன்று. பிறர் வலிந்திழைத்த கொடுமையால் ஒருவருடைய தூய்மை கெடுவதில்லை. குற்றம் இழைத்தவரையே சாரும். 18 வயதிற்குட்பட்டோரைக் காக்கவே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. துன்புறும் சிறார் 1098 என்னும் எண்ணில் உதவி கோரலாம். அத்தகையோரை நம் விடுதிகளும் சபைகளும் பழிச்சொல்லின்றி ஏற்றல் வேண்டும்.

தவறியோர்க்கும் வழி அடைபடவில்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்தில், விபசாரத்திற் பிடிபட்டவளெனப் பெண்ணொருத்தியைக் கல்லெறியக் கொணர்ந்தனர். உடனிருந்த ஆடவனையோ ஒருவரும் கொணரவில்லை. அவ்வநீதியை நாமும் செய்தலாகாது. கல்லெறிய வந்தோர் கலைந்தபின், கிறிஸ்து அவளைத் தண்டிக்கவுமில்லை, பழைய வழியே செல்ல விடவுமில்லை. தம்மிடத்து அடக்கமும் பிறரிடத்து இரக்கமும் உடையோராய் நாம் வாழ ஆண்டவர் அருள்புரிவாராக.