கணினிக்குள் வாழும் பெண்கள்

“நோவே இல்லையே, பிறகு எதுக்கு கிளினிக் போகணும்?”

சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும்படி குடும்பநல மாது கொடுத்த துண்டை மடித்து வைத்துவிட்டு என் உம்மா கேட்ட கேள்வி இது. உயர்தரத்தில் கணிதம் கற்கும் நான் விடை தேடியபோதுதான், மார்பகப் புற்றுநோயைக் கணினியில் ஒப்புருவாக்கி ஆராய்வதைப் பற்றி வாசித்தேன்.

பரிசோதனையின் பயனை அறிய உண்மைப் பெண்களைப் பல்லாண்டுகள் பின்தொடர வேண்டும். கணினியிலோ இலட்சக்கணக்கான கற்பனைப் பெண்களைப் பிறக்கச் செய்யலாம். யாருக்கு நோய் வரும், எந்த வயதில், கட்டி எவ்வளவு வேகமாக வளரும் என்பதையெல்லாம் நிகழ்தகவும் எழுமாற்று எண்களும் தீர்மானிக்கும். பின் ஒவ்வொருத்தியும் இருமுறை வாழ்வாள்: ஒருமுறை பரிசோதனையின்றி, மறுமுறை பரிசோதனையுடன்.

இதனால் ஒரு ஏமாற்றம் வெளிப்படும். ஒருத்திக்கு 53 வயதில் கட்டி தட்டுப்பட்டு, 58 இல் இறக்கிறாள் என்போம். நோயறிந்தபின் வாழ்ந்தது 5 வருடம். பரிசோதனையில் 50 வயதிலேயே கண்டறிந்தும் 58 இலேயே இறந்தால், 8 வருடம் வாழ்ந்ததாகக் கணக்குக் காட்டும். ஆயுளோ ஒரு நாளும் கூடவில்லை! ஆகவே மரண வயதையே ஒப்பிட வேண்டும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் ‘சிஸ்நெட்’ திட்டத்தில் ஏழு குழுக்கள் தனித்தனியே மாதிரியுருக்களை அமைத்தன. 1975 முதல் 2000 வரை அங்கு மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறைந்ததில், மெமோகிராம் பரிசோதனையின் பங்கு 28 முதல் 65 சதவீதம் என 2005 இல் அவை கணித்தன. மீதி சிகிச்சையின் பங்கு. எடுகோள் மாறினால் விடையும் மாறும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. ஆனால் பரிசோதனை பயன் தந்தது என்பதில் ஏழும் ஒன்றுபட்டன.

2009 இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, இரு வருடத்துக்கொருமுறை மெமோகிராம் செய்தாலே, வருடந்தோறும் செய்வதன் நன்மையில் சராசரியாக 81 சதவீதம் கிட்டும். நோயில்லாதவரை நோயாளியெனப் பயமுறுத்தும் தவறான முடிவுகள் ஏறக்குறையப் பாதியாகும்.

நமது கிளினிக்கில் முதலில் கையால்தான் பரிசோதிப்பார்கள். எனவே அந்த எண்களை அப்படியே இங்கு பொருத்த முடியாது. இதை உம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். “பரிசோதனை உயிருக்கு உத்தரவாதமில்லை உம்மா. ஆனா நோவு வரும்வரை காத்திருந்தா, கட்டிக்கு வளர நாமே காலம் கொடுக்கிறோம்.”

உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு துண்டை விரித்துத் திகதியைப் பார்த்தார்.

“அன்றைக்கு உனக்கு வகுப்பு இருக்கா? இல்லாட்டி நீயும் வா.”

தோழியரே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறதா? இன்றே தேடிப் பாருங்கள்.