பாதியில் நின்ற பில்லும் கணக்கும்



கம்ப்யூட்டரில் பில் போடும் நம்மில் பலருக்கும் இந்தத் தொல்லை நேர்ந்திருக்கும். பில் பாதியில் நின்றுவிடும். இரவில் சரிபார்த்தால் சரக்கும் கணக்கும் ஒத்துவராது. காரணம் தெரிந்தால், புரோகிராம் எழுதித் தருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. அரிசி இருப்பு 12 மூட்டை, கல்லாவில் ரூ.8,000, வாடிக்கையாளரின் பாக்கி ரூ.4,200, அவருக்குக் கடன் வரம்பு ரூ.5,000. ரூ.1,500 விலையுள்ள ஒரு மூட்டைக்கு ரூ.500 ரொக்கம் தந்து, மீதியைப் பற்று எழுதச் சொல்கிறார். புரோகிராம் இருப்பை 11 ஆக்குகிறது, கல்லாவை ரூ.8,500 ஆக்குகிறது. பாக்கி ரூ.5,200 ஆகி வரம்பைத் தாண்டுவதால் அங்கே மறுத்து நிற்கிறது. வாடிக்கையாளர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மூட்டை கடையில் இருக்கிறது, கணக்கில் இல்லை. பணம் கணக்கில் இருக்கிறது, கல்லாவில் இல்லை. வீண்பழி கடைப் பையன் மேல் விழுகிறது.

இத்தகைய புரோகிராமில் இருப்பு, கல்லா, பற்றுக்கணக்கு ஒவ்வொன்றும் தனித்தனி 'ஆப்ஜெக்ட்'. தன் தொகையைத் தானே வைத்துக்கொள்ளும். மூன்றையும் ஒரே நடவடிக்கையாகக் கட்டுவதே 'டிரான்சாக்ஷன்'. நடந்தால் முழுதும் நடக்க வேண்டும். இல்லையேல் எதுவுமே நடந்திருக்கக் கூடாது. இக்கருத்தை 1981இல் ஒரு கட்டுரையில் விளக்கிய ஜிம் கிரே, 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

செய்முறை வருமாறு:

1. மாற்றும் முன் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் பழைய நிலையையும் நகலெடுத்து நினைவகத்தில் வைக்க வேண்டும்.

2. எல்லாம் முடிந்தால் நகல்களை நீக்கி, புதிய தொகைகளை உறுதி செய்யலாம். இது 'கமிட்'.

3. எங்கேனும் தடைபட்டால், கடைசியாக மாற்றியதில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இது 'ரோல்பேக்'. நம் கணக்கில் கல்லா மீண்டும் ரூ.8,000, இருப்பு மீண்டும் 12.

இப்படி நிலையை நகலெடுத்து வைத்து மீட்கும் முறைக்கு, 1994இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் 'மெமென்டோ' என்று பெயர் தந்தது.

கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, நகல் உண்மையான நகலாக இருக்க வேண்டும். ஒரே பேரேட்டுக்கு இரண்டு அட்டை போட்டால் இரண்டு பேரேடு ஆகிவிடாது. இரண்டாவது, அச்சடித்த பில்லையும் அனுப்பிய எஸ்.எம்.எஸ்.ஸையும் திருப்ப முடியாது. அவை கமிட்டுக்குப் பிறகே நடக்க வேண்டும். மூன்றாவது, மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும். ஆகவே கணக்கை வட்டிலும் எழுதிவைக்க வேண்டும்.

புரோகிராமுக்குப் பணம் கொடுக்கும் முன், வரம்பைத் தாண்டும் ஒரு சோதனை பில்லை நாமே போட்டுப் பார்ப்போம். மூன்று தொகைகளும் பழையபடியே நின்றால் வாங்கலாம். ஒன்று மாறியிருந்தாலும் திருத்தித் தரச் சொல்வோம்.